காகத்தையே வாங்கு

அன்பு மகளுக்கு,

டோக்கியோவில் ஜிம்போச்சோ கடையில் பார்த்த இரண்டு ஜப்பானிய மர அச்சுப் படங்களில் எதை வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய போட்டோக்கள் வந்தன. பனியில் நிற்கும் கொக்கு உன் அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது. காகத்தைப் பார்த்ததும், “இது நம் மாடியில் தினமும் இலவசமாக வந்து கத்துகிறது. இதற்குக் காசு கொடுப்பார்களா? சனீஸ்வரன் வாகனத்தைச் சுவரில் வேறு மாட்டப்போகிறாளா?” என்றாள். நீ கேட்டதற்கு என் பதில்: காகத்தையே வாங்கு.

அம்மா கேட்ட கேள்வியை நீ இருக்கும் ஊரே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறது. 1881-இல் டோக்கியோவில் நடந்த தொழிற்கண்காட்சியில் கவானாபே க்யோசாய் என்ற ஓவியர் ஒரு பட்ட கிளையையும் அதில் உட்கார்ந்த ஒற்றைக் காகத்தையும் மையால் வரைந்து வைத்தார். ஓவியப் பிரிவில் உயர்ந்த பரிசு அதற்குத்தான். விலை நூறு யென். அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஒரு காகத்துக்கு நூறு யென்னா என்று ஊர் சிரித்தது. விலை காகத்துக்கு அல்ல, இத்தனை வருடம் பழகிய கைக்கு என்று அவர் பதில் சொன்னாராம். கடைசியில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் முழு விலையும் கொடுத்து வாங்கிப்போனார்.

நீ பார்த்தவை ஒஹாரா கோசோன் படங்கள் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். இருக்கலாம். கனசாவாவில் 1877-இல் பிறந்தவர், வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் பறவைகளையே வரைந்தவர். ஆரம்பக் காலப் படங்களில் கோசோன் என்று கையெழுத்து இருக்கும். 1926-இலிருந்து வதனாபே பதிப்பகத்துக்கு வரைந்தவற்றில் ஷோசோன் என்று இருக்கும். அவர் அச்சுகளில் பெரும்பகுதி கப்பலேறி அமெரிக்கா போய்விட்டது. சொந்த நாட்டில் வெகுகாலம் அவரை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை.

நான் சிவகாசியில் காலண்டர் அச்சடித்துப் பிழைத்தவன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் ரெஜிஸ்டரை, அதாவது நிறங்கள் பொருந்தி உட்கார்ந்திருப்பதைத்தான் தேடும். நாலு கலரும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால் முருகனுக்கு இரண்டு மூக்கு வந்துவிடும். ஈரம் ஏறினால் தாள் நீளும் என்பதால் மழை வந்தாலே எங்களுக்குப் பயம். ஜப்பானியர்களோ தாளை வேண்டுமென்றே நனைத்து வைத்து அச்சடிக்கிறார்கள்! ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி செர்ரி மரப் பலகை. எல்லாப் பலகையிலும் மூலையில் ஒரு வெட்டு, விளிம்பில் இன்னொரு வெட்டு. தாளை அதில் முட்டவைத்து இறக்கி, மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் பின்புறம் தேய்க்கவேண்டும். இயந்திரம் கிடையாது. 1765 வாக்கில் ஹருனோபு என்ற ஓவியர் காலத்தில் பல நிற அச்சு வந்தபோதும் இதே முறைதான். வரைந்தவர் பெயரை நாம் சொல்கிறோம். செதுக்கியவரும் அச்சடித்தவரும் யாரென்று யார் கேட்கிறார்கள்? எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பிரான்சுக்காரர்கள் இதைப் பார்த்து மயங்கியதில் வியப்பில்லை. பெலிக்ஸ் பிராக்மோன் என்ற செப்புத்தகட்டு ஓவியர் 1866-இல் ஒரு சாப்பாட்டுத் தட்டு வரிசைக்காக ஹொகுசாய், ஹிரோஷிகே ஆகிய ஜப்பானிய ஓவியர்களின் சேவல்களையும் வாத்துகளையும் மீன்களையும் எடுத்துக்கொண்டார். அவற்றைத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சடித்து, வெட்டித் தட்டின்மேல் ஒட்டிச் சூளையில் வைத்தால், தாள் எரிந்து படம் தட்டில் நிற்கும். எனக்குப் பிடித்தது அதுவல்ல. அதுவரை ஐரோப்பியத் தட்டில் படம் நடுவில் இருக்கும், சுற்றிலும் பூ வளையம் இருக்கும். இவர் சேவலை ஓரத்தில் விட்டார். மீதி வெள்ளையாகக் கிடந்தது. அடுத்த ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அந்தத் தட்டுகளுக்கு நல்ல வரவேற்பு. இடத்தைக் காலியாக விடலாம் என்ற துணிச்சலை அவர்களுக்குக் கொடுத்தவை இந்தப் பறவைகள்தாம் என்பது என் கட்சி. நாங்கள் காலண்டரில் ஒரு விரற்கடை வெள்ளை விட்டாலும் “இங்கே ஒரு தாமரை போடுங்கள்” என்பார்கள்.

ஹிரோஷிகேயின் 1857-ஆம் ஆண்டுக் கழுகை நேரம் கிடைக்கும்போது ஏதாவது ஒரு மியூசியத்தில் பார். மேலே சிறகு விரித்த கழுகு, கீழே பனி மூடிய ஃபுககாவா சதுப்பு நிலம். அந்த உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க அன்றைக்கு அந்த ஊர் மனிதனுக்கு வழியில்லை.

சரி, கடைக்குப் போனால் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். லென்ஸ் எடுத்துப் போ. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது இயந்திரத்தில் அடித்த ஆஃப்செட், கும்பிட்டுவிட்டு வந்துவிடு. படத்தைத் திருப்பிக் காட்டச் சொல். மர அச்சு என்றால் சாயம் பின்பக்கம் ஊறியிருக்கும், தேய்த்த தடமும் தெரியும். கொக்கின் இறகை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். சில படங்களில் மையே இல்லாமல் பலகையை அழுத்தி இறகைப் புடைக்கவைத்திருப்பார்கள். காகத்தின் கருப்பையும் அப்படியே சாய்த்துப் பார். முன்பக்கமிருந்து தேய்த்துப் பளபளப்பேற்றுவதும் உண்டு. பழைய பலகையில் பிற்காலத்தில் அடித்த பிரதி என்றால் விலை குறையும். அதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் அதைப் பழைய விலைக்கு வாங்காதே.

நேராக வெயில் படும் சுவரில் மாட்டாதே, சாயம் வெளுத்துவிடும். கண்ணாடி தாளைத் தொடாமல் இடையில் அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல். பணம் போதாவிட்டால் எனக்கு எழுது. கடைக்காரர் விஷயம் தெரிந்தவராக இருந்தால் அந்தக் காகத்துக்கு எத்தனை பலகை என்று கேட்டு வை. போட்டோவை வைத்து நான் ஐந்து என்கிறேன்.

அன்புடன்,
அப்பா