அம்மாவின் கண் ஊசி குறித்து

தங்கச்சிமடம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பில் புதிதாக ரத்தக்குழாய் முளைப்பது நல்லதுதானே, அதைத் தடுக்க ஏன் அம்மாவின் கண்ணில் ஊசி போடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடியாது. விலங்கியல் வாத்தியாருக்கு எழுதினால்தான் திருப்தி.

வளர்ந்த உடம்பில் ரத்தக்குழாய்கள் அமைதியாக இருப்பது தானாக வாய்த்த நிலை அன்று. செல்கள் ஒன்றுக்கொன்று ஓயாமல் சைகை அனுப்பிக் காத்துவரும் நிலை. நுண்குழாயின் உட்சுவரில் எண்டோதீலியச் செல்கள் ஒற்றை அடுக்காக இருக்க, பெரிசைட் என்னும் செல்கள் அவற்றை வெளியிலிருந்து சுற்றிப் பற்றியிருக்கின்றன. பெரிசைட் சுரக்கும் ஆஞ்சியோபாயட்டின்-1 என்ற புரதம் எண்டோதீலியச் செல்லின் மேல் சைகையை வாங்கும் டை2 என்ற ஏற்பியைத் தூண்டிக்கொண்டிருக்கும்வரை இணைப்புகள் இறுகியிருக்கும், கசிவு இராது. ஆஞ்சியோபாயட்டின்-2 பெருகினால் அதே ஏற்பியில் வந்து அமர்ந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். தளர்ந்த குழாய் நங்கூரம் எடுத்த வள்ளம் மாதிரி: விஇஜிஎஃப் என்னும் புரதம் இருந்தால் கிளை விட்டுப் புறப்படும், இல்லாவிட்டால் அழிந்துபோகும்.

இந்த விஇஜிஎஃப், 1983இல் குழாயைக் கசியவைக்கும் பொருளாகத்தான் முதலில் அறியப்பட்டது. ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி என்று பொருள்படும் இந்தப் பெயர் 1989இல் வந்தது. அம்மாவுக்குத் தொல்லை தருவது அந்தப் பழைய குணம்தான். சர்க்கரை நெடுங்காலம் கட்டுக்குள் இல்லாததால் விழித்திரையில் பெரிசைட்டுகள் மடிந்து, நுண்குழாய்கள் அடைபட்டு, ஆக்சிஜன் கிடைக்காத பகுதி விஇஜிஎஃப்பை வேண்டி வேண்டிச் சுரக்கிறது. பார்வையின் மையத்தில் நீர் கோத்துக்கொண்டதால், வாசல் கிராதியின் நேர்க்கம்பிகள் நடுவில் வளைந்து தெரிகின்றன என்கிறாள். இதே சைகையால் புதுக்குழாய்கள் முளைத்தாலும், பெரிசைட்டின் பிடிமானம் சரிவர இல்லாத அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். ஆகவே வளர்ச்சி என்றதும் மகிழ வேண்டியதில்லை.

அம்மாவுக்குப் போடுவது விஇஜிஎஃப்பை மட்டும் மடக்கும் மருந்து. ஆஞ்சியோபாயட்டின்-2ஐயும் சேர்த்துத் தடுக்கும் ஃபாரிசிமாப் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது நமக்குத் தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். எதுவானாலும் சில வாரங்களில் மருந்து தீர்ந்துவிடும், சைகையை எழுப்பும் காரணம் உள்ளேயே இருக்கும். பார்வை தெளிந்துவிட்டதே, இனி ஊசிக்காக மதுரைக்குப் போவது எதற்கு என்று அவள் அடம்பிடிக்கிறாள். என் பேச்சு எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது சொல். நாற்பதைத் தொடப்போகும் உன் அண்ணனையும் சர்க்கரை பார்த்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
அப்பா