ஹூடை வரைந்துவிட்டீர்கள், காற்று எங்கிருந்து வரும்?

உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் சமையலறை வரைந்து தருகிறவர்களுக்கும், அதைக் கட்டிக் கொடுக்கிற ஒப்பந்தக்காரர்களுக்கும்,

வணக்கம். நான் எக்ஸாஸ்ட் ஹூட், அதாவது அடுப்புக்கு மேலே புகையைப் பிடித்து வெளியே அனுப்புகிற கூடு, மாட்டுகிறவன். உண்மையில் நான் மாட்டியதைவிட, மற்றவர்கள் மாட்டியதைச் சரிபார்க்கப் போனதுதான் அதிகம். நீங்கள் படத்தை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து ‘புகை இழுக்கவில்லை’ என்று போன் வரும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு போவது என்னைப் போன்ற ஆட்கள்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு புதுச் சமையலறைக்குப் போனேன். பின்பக்கக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. இழுத்தேன், அசையவில்லை. பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பியபோது உள்ளேயிருந்து ஒரு குரல்: “ரெண்டு கையாலயும் இழுங்க, திறக்கும்.” இழுத்தேன். உஸ்ஸென்று ஒரு சத்தத்தோடு திறந்தது, பின்னாலிருந்து வந்த காற்று சட்டையைப் படபடக்க வைத்தது. எதிரே பெரிய எண்ணெய்ச் சட்டி. அதற்கு மேலே ஹூடின் முன்விளிம்பைத் தாண்டி அறைக்குள் சுருண்டுகொண்டிருந்த புகை, நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில நொடிகளில் அப்படியே மடங்கி ஹூடுக்குள் போனது. கையை விட்டேன். கதவு அறைந்து சாத்திக்கொண்டது. புகை மறுபடி வெளியே வந்தது.

எனக்கு முன்னால் வந்த ஆள் மோட்டாரைப் பெரிசாக்கிவிட்டுப் போயிருந்தார். கிணற்றில் தண்ணீர் ஊறவில்லை என்றால் பம்பை மாற்றி என்ன பயன்? அந்த அறையில் இழுப்பதற்குக் காற்றே இல்லை. ஃபேன் வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளே வர வழி வைக்கப்படவில்லை. படத்தை வாங்கிப் பார்த்தேன். ஹூடின் நீளம், அகலம், புகையை வெளியே கொண்டுபோகிற குழாயான டக்டின் அளவு, ஃபேனின் குதிரைத்திறன் எல்லாம் இருந்தது. உள்ளே வரும் காற்றுக்கு ஓர் அம்புக்குறி, ஒரே ஒரு அம்புக்குறி, எங்கேயும் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சுவரோடு ஒட்டிய 8 அடி ஹூட், கீழே கிரில் மாதிரி கடுமையான சமையல். ஹூடின் நீளத்தில் அடிக்கு 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று வைப்பது வழக்கமான அளவு. மொத்தம் 3,200 சிஎஃப்எம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 5,400 கனமீட்டர். சமையலறை 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் அதன் கொள்ளளவு 90 கனமீட்டர்தான். ஆக, நிமிடத்துக்கு ஒரு முறை அந்த அறையின் முழுக் காற்றும் வெளியே போக வேண்டும். நிமிடத்துக்கு ஒரு அறை நிறையக் காற்று! அது கதவிடுக்கு வழியாக எப்படியாவது வந்துவிடும் என்று விட்டுவிடுகிற விஷயமா?

எப்படியாவது வரத்தான் செய்யும். எங்கிருந்து என்பதுதான் சிக்கல். சாப்பாட்டுக் கூடத்தில் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று முதலில் வரும். அப்புறம் கழிவறைப் பக்கமிருந்து வரும். தரையிலிருக்கிற வடிகாலில் தேங்கி நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்திருந்தால் அதன் வழியாகச் சாக்கடை நாற்றம் வரும். இவையெல்லாம் மூக்குக்குத் தெரியும், யாராவது புகார் சொல்வார்கள். தெரியாதது ஒன்று உண்டு. அதே இடத்தில் புகைபோக்கி வைத்த கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், அதன் எரிந்த வாயு மேலே போகாமல் தலைகீழாக அறைக்குள் இறங்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வணிகச் சமையலறைகளுக்கான அமெரிக்கத் தீத்தடுப்புத் தரமான என்எஃப்பிஏ 96, சமையலறைக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 0.02 அங்குல நீர்மட்டத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சுமார் 5 பாஸ்கல். நான் இரண்டு கையால் இழுத்த கதவு அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும்.

சரி, காற்று வேண்டும் என்று புரிந்துகொண்டவர்களும் அதை எங்கே, எப்படி விடுவது என்பதில் கோட்டைவிடுகிறார்கள். அடுப்பிலிருந்து எழும் சூடான காற்று ஒரு தூண் மாதிரி மேலே போகிறது. போகப் போகச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்துக்கொண்டு பருக்கிறது. ஹூடின் வேலை அந்தத் தூணைத் துரத்திப் பிடிப்பதல்ல, தானாக வந்து சேர்வதைச் சிந்தாமல் வைத்திருந்து வெளியே அனுப்புவது. ஹூடுக்குக் கீழே ஓர் அடி தள்ளி ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள், சும்மா லேசாக ஆடும், அவ்வளவுதான். உறிஞ்சும் பலம் விளிம்பை விட்டு விலகியதும் சட்டென்று செத்துவிடும். அதனால் பக்கவாட்டிலிருந்து வரும் எந்த வேகமான காற்றும் அந்தத் தூணைச் சாய்த்துவிடும்.

அப்படியிருக்க, ஹூடுக்கு இரண்டடி தள்ளி உட்கூரையில் நாலு பக்கமும் வீசுகிற ஏசி டிஃப்யூசர் வைக்கிறீர்கள். பார்க்கச் சீராகத்தான் இருக்கிறது, கூரைக் கட்டங்களுக்கு நடுவே அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அதன் ஒரு வாய் நேராக ஹூடின் முன்விளிம்பில் வீசி, புகையை வெளியே தள்ளுகிறது. துளையிட்ட தகடு வழியாக, பரவலாக, மெதுவாக இறங்கும் காற்றுதான் அங்கே வேண்டும். முடிந்தால் ஹூடிலிருந்து தள்ளி, அடுப்புக்கு எதிர்ப்பக்கத்தில் விடுங்கள். எல்லாவற்றையும் ஹூடைச் சுற்றியே கொட்டினால் அதுவும் தொல்லைதான்.

ஹூடுக்கு உள்ளேயே வெளிக்காற்றை விட்டு, உள்ளேயே திரும்ப இழுக்கிற வகை ஒன்றும் இருக்கிறது. ஏசி காற்று மிச்சமாகும் என்று சொல்லி விற்றார்கள். அப்படி விடும் காற்று ஹூடின் கொள்ளளவைத்தான் அடைத்துக்கொள்கிறது, புகைக்கு இடம் விடுவதில்லை. அதில் பாதிக் காற்றை நிறுத்திய அன்றே புகை அடங்கியதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காட்டலாகில் படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இன்னொன்று, சமையல்காரர்களைப் பற்றி. ஹூட் அனலைக் குறைக்கவில்லை என்று அவர்கள் சொன்னால் அது பொய் இல்லை. அடுப்பிலிருந்து வரும் வெப்பத்தில் ஒரு பங்கு கதிர்வீச்சாக நேரே முகத்தில் அடிக்கிறது. அதை எந்த ஹூடும் உறிஞ்ச முடியாது, காற்றை மட்டும்தான் உறிஞ்சும். அனல் தாங்காமல் அவர் என்ன செய்வார்? ஒரு பெடஸ்டல் ஃபேனைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைப்பார். அந்தக் காற்று அவரைத் தாண்டி அடுப்பின் மேல் அடித்து, புகைத் தூணைச் சிதறடிக்கும். பிறகு ஹூட் சரியில்லை என்று எனக்குப் போன் வரும். நான் ஃபேனை நிறுத்தச் சொல்வேன், அவர் என்னை முறைப்பார். அவர் முறைப்பது நியாயம்தான். உள்ளே வரும் காற்றைக் கொஞ்சம் குளிர்வித்து அவர் நிற்கும் இடத்தில் மெதுவாக இறங்குமாறு நீங்கள் முன்பே வரைந்திருந்தால் அந்த ஃபேனுக்கே வேலை இருந்திருக்காது.

அவர் மூச்சில் போவதும் சாதாரணப் புகை இல்லை. அதிகச் சூட்டில் பொரிக்கும்போது எழும் ஆவியை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி 2ஏ வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று கருதப்படுபவற்றில் வைத்திருக்கிறது. 2010 இல் வெளியான அதன் 95ஆவது தொகுதியில் இது இருக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் அங்கே நிற்பவர் அவர், நீங்களும் நானும் இல்லை.

ஹூடின் வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 அங்குலமாவது நீட்டுங்கள், முன்பக்கம் இன்னும் கூட்டினால் நல்லது. அறையின் நடுவில் தொங்கும் ஹூடுக்குச் சுவரோர ஹூடைவிட அதிகக் காற்று வேண்டும், நாலு பக்கமும் திறந்து கிடக்கிறதே. பக்கவாட்டில் ஒரு தகடு அடித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். மிக மலிவான திருத்தம் அதுதான், ஆனால் படத்தில் பார்க்க நன்றாக இல்லை என்று அதை எடுத்துவிடுகிறீர்கள்!

டக்டைப் பற்றி ஒரு வேண்டுகோள்: திறந்து சுத்தம் செய்ய வாசல் வையுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒன்று, படுக்கையாக ஓடும் இடத்தில் 3.7 மீட்டருக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. நீங்கள் வைக்கவில்லை என்றால், அல்லது வைத்துவிட்டு அதன் கீழே உட்கூரையை அடித்து மூடிவிட்டால், கை எட்டும் தூரம்தான் சுத்தமாகும். மிச்சத்தில் தேன் மாதிரி படிந்த கிரீஸ், அதாவது எண்ணெய்ப் பிசுக்கு, நாளாக ஆகத் தாராக இறுகிக் கிடக்கும். சட்டியில் தீப்பிடித்து ஒரு தீநாக்கு ஹூடிலிருக்கிற கிரீஸ் பில்டரைத் தாண்டினால் போதும், அத்தனையும் பற்றிக்கொள்ளும். ஓயாமல் அதிக அளவில் சமைக்கிற சமையலறை என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, விறகு கரி எரிப்பதென்றால் மாதத்துக்கு ஒரு முறை டக்டைப் பார்க்கச் சொல்கிறது என்எஃப்பிஏ 96. பார்க்க வாசலே இல்லாதபோது எதைப் பார்ப்பது?

இழுவை குறைந்தால் சமையல்காரர்கள் பில்டரையே கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள். காற்று நன்றாகப் போகிற மாதிரி இருக்கும், கிரீஸ் முழுக்க டக்டுக்குள் போய்ச் சேரும். இதற்கும் மூலம் உள்ளே வராத காற்றுதான்.

ஒரு விஷயத்தை எங்கள் பக்கத்துத் தவறாகவே ஒப்புக்கொள்கிறேன். மூன்று பேஸ் மோட்டாரைப் பழுதுபார்த்துத் திரும்ப மாட்டும்போது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் (காற்றை நடுவில் வாங்கி ஓரமாக வீசுகிற வகை) தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். சத்தம் கேட்கும், மோட்டார் சுற்றும், ஆள் ‘ஓடுதே’ என்று இறங்கிவிடுவார். நானும் ஒருமுறை அப்படி இறங்கி வந்தவன்தான். ஃபேன் கூட்டின் மேல் சுற்ற வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி ஒட்டியிருக்கிறதா என்று இப்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

கடைசியாக, சமையல் அளவுக்கேற்ப ஃபேனின் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. வெப்ப சென்சார், புகை சென்சார் வைத்து இயங்குபவை. வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், ஏனென்றால் ஃபேனின் மின்தேவை வேகத்தின் மும்மடியில் மாறுகிறது. நல்ல பொருள், வாங்கச் சொல்லுங்கள். ஆனால் எக்ஸாஸ்ட் குறையும்போது உள்ளே வரும் பிரெஷ் ஏர் ஃபேனும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். கூடும்போது கூட வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு மற்றதை முழு வேகத்தில் ஓடவிட்ட இடங்களுக்கு நான் போயிருக்கிறேன். அங்கே சமையலறை வாடை முழுக்கச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது.

அடுத்த படத்தைத் தொடங்கும்போது, அடுப்பை வைப்பதற்கு முன் ஓரத்தில் இரண்டு எண்களை எழுதுங்கள்: வெளியே போவது இவ்வளவு, உள்ளே வருவது இவ்வளவு. எந்தச் சுவரில், எந்த உயரத்தில், என்ன வேகத்தில் என்று அம்புக்குறி போடுங்கள். ஒப்படைக்கும் நாளன்று எல்லா ஃபேனையும் ஓடவிட்டு, பின்பக்கக் கதவை நீங்களே ஒரு கையால் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஏணியோடு வருகிற ஒருவன்