பிளேயர் வாங்கும் முன்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாச்சு என்று படித்ததும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இவளுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி மட்டும்தான் இன்னும் தகராறு. எனக்கு ரிட்டையர் ஆன பிறகு பொழுதுபோக்கே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவைச் சுற்றுவதுதான். அதனால் எந்த சி.டி. பிளேயர் எடுக்கலாம் என்று நீ சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய்.

32 பிட் சிப் இருந்தால் ஒலி இன்னும் துல்லியம் என்று கடைக்காரர் சொன்ன கதையில் மயங்கிவிடாதே. உன் சி.டி.க்களில் பதிந்திருப்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொன்றையும் 16 இலக்க இரும எண்ணாக எழுதியது. 1982-ல் சி.டி. விற்பனைக்கு வருமுன்பே சோனியும் பிலிப்ஸும் வகுத்த கணக்கு அது, இன்றுவரை மாறவில்லை. சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்! அதை ஒழுங்காக ஒலியாக்கும் சிப் இப்போது எந்த உருப்படியான பிளேயரிலும் இருக்கிறது. கடையில் இரண்டை மாற்றி மாற்றிப் போட்டு, "பாருங்க சார், இதுல எவ்வளவு துல்லியம்" என்பார்கள். ஒன்றில் சத்தம் துளி கூடுதலாக இருந்தாலே நம் காது அதைத்தான் உசத்தி என்று சொல்லும். இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லிக் கேள், துல்லியம் எங்கே போகிறதென்று பார். எஸ்.ஏ.சி.டி. (சூப்பர் ஆடியோ சி.டி. என்ற தனி வகை டிஸ்க்) ஓட்டும் பிளேயரும் உனக்கு வேண்டாம். அதற்கான டிஸ்க் ஒன்றுகூட உன்னிடம் இல்லை.

பிளேயரில் தேய்வது ஓடும் பாகங்களும் லேசரும்தான். அதனால்தான் உன் மச்சான் சும்மா தருகிறேன் என்கிற பழைய பிளேயரைச் சோதிக்காமல் எடுக்காதே. சி.டி.யை உள்ளிருந்து வெளியே படிக்கும். ஆரம்பத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, ஓரத்துக்கு வரும்போது 200. முதல் பாட்டு நன்றாக ஓடுகிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. எழுபது நிமிடத்துக்கு மேல் ஓடும் கச்சேரி சி.டி. ஒன்றைப் போட்டு, நேராகக் கடைசி மங்களத்துக்குத் தாவு. உடனே பிடித்துப் பாடினால் நல்லது. உள்ளே 'டிக் டிக்' என்று தடுமாறி, திக்கித் திக்கிப் பாடினால் மோட்டாரோ லென்ஸ் ஓடும் தண்டவாளமோ லேசரோ தளர்ந்திருக்கிறது. அப்புறம் உன் பையன் பதிந்து கொடுத்த சி.டி.-ஆர் ஒன்றையும் போட்டுப் பார். அது அச்சடித்த சி.டி. அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பாது, லேசர் சோர்ந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

லென்ஸில் தூசிதான் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, அழுத்தாமல் ஒரு ஒற்று, போதும். சில மெக்கானிக்குகள் லேசர் அருகே இருக்கும் குட்டித் திருகைத் திருப்பிக் கரண்டைக் கூட்டிவிடுவார்கள். கொஞ்ச நாள் ஜோராகப் பாடும், அதோடு லேசர் காலி. மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு எட்டிப் பார்க்கும் வேலையும் வேண்டாம். அந்த 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது, அதுதான் ஆபத்து.

புதிதே வாங்குவதானால் யமஹா சி.டி.-எஸ் 303 போதும். பையன் கொடுத்த எம்.பி.3 டிஸ்க்குகளும் ஓடும். ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்கும் பழக்கம் உனக்கு இன்னும் இருந்தால் மராண்ட்ஸ் சி.டி. 6007 பார், முன்னாலேயே ஹெட்ஃபோன் செருகத் துளை உண்டு. இரண்டிலுமே டிஜிட்டல் அவுட் இருக்கிறது, பிறகு தனி டேக் (டிஜிட்டலை ஒலியாக்கும் பெட்டி, DAC) வைக்க ஆசை வந்தாலும் வழி அடைபடாது. இதற்கு மேல் செலவழிக்கக் காசு இருந்தால் ஸ்பீக்கருக்குப் போடு. அங்கே மாறினால்தான் நிஜமாகக் காதில் விழும்.

உன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பழசு. 'ஃபோனோ' என்று எழுதிய இடத்தில் மட்டும் தப்பித்தவறிக்கூடச் செருகிவிடாதே, அது ரெக்கார்ட் பிளேயரின் மில்லிவோல்ட்டுக்கானது. 'ஆக்ஸ்' அல்லது 'டேப்' எடுத்துக்கொள். சி.டி. பிளேயர் 2 வோல்ட் வரை தள்ளும், பழைய ஆம்ப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்கு, குமிழ் கடிகாரத்தில் எட்டு மணி இருக்கும் இடத்தைத் தாண்டுவதற்குள் வீடு அதிரும்.

டிவி ஸ்டாண்டில் வைக்கப்போகிறேன் என்றாயே, உள் அகலம் எவ்வளவு? இவை 43, 44 சென்டிமீட்டர் வரும். பின்பக்கம் ஒயர் மடங்கவும் இடம் விடவேண்டும். அளந்து எழுது, அதற்குள் இங்கே விலை விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராமு