பால் கவர் கொடுங்கள், வடலூருக்கு அரிசி அனுப்புவோம்

அனைவருக்கும் வணக்கம். நம் வீடுகளில் சேரும் பால் கவர்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டு, வரும் பணம் முழுவதற்கும் அரிசி வாங்கித் தைப்பூசத்துக்கு முன் வடலூர் தருமசாலைக்கு அனுப்புகிறோம். 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு அங்கே இன்றும் எரிகிறது. பசியோடு வருகிறவர்களுக்குத் தினமும் சோறு.

18ஆம் தேதி ஞாயிறு, காலை 8 முதல் 10 வரை, வாட்ச்மேன் அறை அருகில்.

1. கவரை அலசி, கவிழ்த்துக் காயவைத்துக் கொடுங்கள். கொஞ்சம் பால் தங்கினாலும் மூட்டையே நாறிவிடும்.
2. மூலையைத் தனியாக வெட்டி எடுக்காதீர்கள், பாதி வெட்டினால் போதும். அந்தச் சின்னத் துண்டுதான் சாக்கடைக்குப் போகிறது.
3. தயிர், மாவு கவரும் சரி. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம்; உள்ளே வெள்ளி நிற அலுமினியப் பூச்சு, கடையில் எடுக்க மாட்டார்கள்.
4. மூட்டை தூக்க இரண்டு பேர் வேண்டும்.

வெள்ளிக்குள் பிளாட் எண்ணுடன் பதில் போடுங்கள். எடைச் சீட்டும் அரிசி பில்லும் இங்கேயே போடுகிறேன்.