தலைக்கட்டு வரியும் பாரதக் கூத்தும்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் கணக்கு எழுதுகிறவன். கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது பிழைப்பு. சொந்த ஊர் செய்யாறு பக்கம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கும் மூன்று ஆண்டுகள் நான்தான் கணக்கு எழுதினேன்.

போன மாதம் என் வாடிக்கையாளர் ஒருவர், ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், கட்ட வேண்டிய தொகையைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் வாங்கிக்கிட்டுப் போய் கூத்தாட்டத்துக்குக் குடுக்கறாங்க சார். ஆஸ்பத்திரியில கட்டில் இல்ல" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கேள்வி மட்டும் பஸ்ஸில் கூடவே வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலில் பாதி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. மானியக் கோரிக்கைக்குக் கை தூக்குகிறவர்கள் நீங்கள்தானே.

வரிப்பணத்தில் கலை என்பது அரசாங்கம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. எங்கள் ஊரில் பாரதம் வைப்பதென்றால், அதாவது மகாபாரதக் கதையைத் திருவிழாவாக நடத்துவதென்றால், முதல் வேலை வீட்டுக்கு வீடு வரி போடுவது. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்தால் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்தவர்களுக்குப் பாதி வரி. கூட்டம் போட்டு ஒரு தொகை பேசுவார்கள். அதிகம் என்று சிலர் கத்துவார்கள், அப்புறம் கட்டிவிடுவார்கள். அந்தப் பணத்தில்தான் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, அச்சாரம் கொடுப்பது, முகவீணை ஊதுகிறவர் வந்து சேர்ந்தாரா என்று பார்ப்பது, அர்ச்சுனன் தபசுக்குப் பனைமரம் தேடி நடுவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். கூத்து பார்க்காதவனும் கட்டுகிறான். விடிய விடியத் தூங்குகிறவனும் கட்டுகிறான். "நான் பார்க்கவே இல்லை, என் காசைத் திருப்பிக் கொடு" என்று யாரும் வந்து நின்றதில்லை.

அந்த நோட்டில் எழுதாத ஒன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவரை ஊரைவிட்டுத் தள்ளிவைக்க வேண்டுமென்றால் அவரிடம் வரி வாங்க மாட்டார்கள். பல ஊர்களில் காலனி மக்களிடம் வரி வாங்குவதில்லை. அதைச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். வரி கொடுத்தவனுக்குத்தான் பங்கு. கொடுக்காதவன் கூத்தைத் தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். "எங்கள் வரியையும் வாங்குங்கள்" என்று மனு எழுதிக்கொண்டு அலைந்த மக்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். எங்கள் ஊரும் இதில் யோக்கியமான ஊர் இல்லை. நான் எழுதிய மூன்று நோட்டுகளிலும் காலனிப் பெயர்கள் இல்லை. அப்போது எனக்கு அது உறைக்கவும் இல்லை.

ஹார்டுவேர் கடைக்காரருக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். வரி பிடுங்கப்படுகிறது என்று ஒருவர் புலம்புகிற அதே ஊரில், வரி வாங்க மாட்டேன் என்கிறார்களே என்று இன்னொருவர் அழுகிறார். ஒரு கலைக்கு எல்லாரும் காசு போட்டால் அது எல்லாருடையதாகும் என்பதை மக்கள் நம்மைவிட முன்னாலேயே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பழைய கணக்கும் ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காகத் திருமுதுகுன்றன் என்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. நாளுக்கு ஒரு தூணி, அதாவது கலத்தில் மூன்றில் ஒரு பங்கு, என்று வகுத்த கணக்கு. ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தேன், சரியாக வருகிறது. அந்த நாடகத்தில் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. நெல் கணக்கு மட்டும் கல்லில் நிற்கிறது. கணக்குப்பிள்ளையாக எனக்கு இதில் பெருமைப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்றால் அரசு எதற்கு? 2020இலும் 2021இலும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கூத்துக்காரனுக்கு அந்த மாதங்கள்தான் வருமானம். மழைக்காலத்தில் வேலை இல்லை. அடுத்தடுத்து இரண்டு பருவம் போயிற்று. கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பரணில் போட்டுவிட்டுச் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போன பையன்களில் சிலர் திரும்பி வரவே இல்லை. ராத்திரி முழுக்க ஆடக் கற்றுக்கொள்ளப் பத்து வருஷம் ஆகிறது. விட்டுப் போக ஒரு பருவம் போதும். நல்ல கலையாக இருந்தால் தானே பிழைக்கும் என்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று. கலைக்கு அரசு காசு கொடுக்கலாமா என்று இப்போது கேட்கிறவர்கள், 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அறிவித்தபோது எங்கே இருந்தார்கள்? வாங்காமல் விட்ட வரியும் செலவுதான். எந்தக் கணக்குக்காரனைக் கேட்டாலும் சொல்லுவான். அந்த விலக்கால் டிக்கெட் விலை குறைந்ததாக எனக்கு நினைவில்லை. சினிமாமேல் எனக்குப் பகை இல்லை. வாரம் ஒரு படம் பார்க்கிறவன் நான். பெரிய கலைக்குக் கொடுத்தால் 'சலுகை', சின்னக் கலைக்குக் கொடுத்தால் 'வரிப்பணம் வீண்' என்று பேர் மாறுவதுதான் பிடிக்கவில்லை. கூத்துக்காரரும் வரி கட்டுகிறவர்தான். ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்காத நாட்டுப்புறக் கலைஞருக்கு அந்தக் கூலியில் ஜிஎஸ்டி கிடையாது என்பது உண்மை. எங்கள் பக்கத்து ஜமா எதுவும் அந்த வரம்பை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் முகப்பூச்சு வாங்கும்போதும் வேனுக்கு டயர் மாற்றும்போதும் எல்லாரையும்போலக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்.

அரசு கலைக்குச் செலவு செய்யலாம் என்று நான் சொல்லி முடித்ததும் என் மைத்துனர் ஒரு கேள்வி கேட்டார். அதற்குத்தான் நான் தடுமாறினேன். "மாமா, காசு கொடுக்கிறவனைக் கட்டியங்காரன் கிண்டல் பண்ணுவானா?"

கட்டியங்காரன் என்பவன் கூத்தின் கோமாளி. அவன் வேலையே கிண்டல்தான். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருக்கும்போதே அவனை வம்புக்கு இழுப்பான். நாட்டாமையை இழுப்பான், பால் சொசைட்டியை இழுப்பான், வரி பாக்கி வைத்தவனையும் இழுப்பான். ஒரு வருஷம் கணக்கு எழுதிய என்னையே இழுத்தான். ஊரே சிரித்தது, மறுநாள் அவன் கூலியில் ஒரு ரூபாய் குறையவில்லை. அரசாங்கம் காசு கொடுத்தால் இது நடக்குமா?

நடந்ததில்லை என்பதுதான் நம் வரலாறு. நாடகம் போட முன்கூட்டியே எழுத்துப் பிரதியைக் கொடுத்து அனுமதி வாங்கு என்று 1954இல் சட்டம் போட்டோம். வெள்ளைக்காரனின் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாரிசு அது. சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்ல 2013 ஆயிற்று. விடிய விடிய வாய்க்கு வந்தபடி கட்டிப் பாடும் கூத்துக்கு எழுத்துப் பிரதியை எங்கே போய்த் தேடுவது?

இன்றைக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் ஜமாக்களுக்கு அரசிடமிருந்து வரும் வேலையில் பெரும்பகுதி என்ன? கொசு ஒழிப்பு, கழிப்பறை, வாக்காளர் விழிப்புணர்வு, திட்ட விளக்கம். இருபது நிமிஷம், பஸ் ஸ்டாண்டில், பேனருக்கு முன்னால். கர்ணன் கிரீடத்தோடு வந்து டெங்கு பற்றிப் பாடுகிறான். ஜமாக்கள் இதை ஏற்பதில் தப்பில்லை, அரிசி வாங்க வேண்டாமா? ஆனால் நீங்கள் அதைக் கலை வளர்ப்பு என்ற தலைப்பில் எழுதாதீர்கள். அது விளம்பரச் செலவு. அதற்கு வேறு தலைப்பு இருக்கிறது.

பிரிட்டனில் 1946இல் கலை மன்றம் அமைத்தபோது பணம் அரசுடையது, யாருக்கு என்பது மன்றத்தின் முடிவு என்று பிரித்துவைத்தார்கள். அதற்கு வித்திட்டவர் பொருளாதார நிபுணர் கெயின்ஸ். நம்மிடமும் 1955இல் ஒரு சங்கம் தொடங்கி, பின்னால் அது இயல் இசை நாடக மன்றம் ஆனது. 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் வந்தது. அமைப்புகளுக்குக் குறைவில்லை. கலைமாமணிப் பட்டியல் வரும் நாளில் டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முதலில் எண்ணுவது சினிமாக்காரர்கள் எத்தனை பேர் என்பதைத்தான்.

நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகை நல்ல திட்டம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்குவது? நாற்பது வருஷம் திரௌபதி வேஷம் கட்டிய கூத்து வாத்தியார் ஒருவரை ஓர் அலுவலகத்துக்கு நான் கூட்டிப் போனேன். கலைஞர் என்பதற்கு ஆதாரமாக ஐந்து போட்டோ கொண்டுவந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, அஞ்சு போட்டோவிலயும் ஒரு அம்மாதான் இருக்காங்க. உங்க போட்டோ எங்க?" என்றார். "அந்த அம்மாதாங்க நான்" என்றார் வாத்தியார். ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் வாத்தியார் வேறொரு போட்டோவோடு வந்தார். பாதி முகத்தில் அரிதாரம், பாதி முகம் வெறுமனே. ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதற்கென்றே எடுத்தது. அதன் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

குறை மட்டும் சொன்னால் கணக்குக்காரனுக்கு அழகில்லை. ஒரு யோசனை வைக்கிறேன். ஜமாவைத் தேடிப்பிடித்து மானியம் கொடுப்பதை விட்டுவிட்டு ஊருக்குக் கொடுங்கள். ஓர் ஊர் வரி போட்டு ஒரு ஜமாவை அழைத்தால், அரசு தன் பங்கைச் சேர்க்கட்டும். எந்த ஜமா, எந்தக் கதை என்பது ஊர் முடிவு. அரசின் பங்கு நேராக ஜமாவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஊர் திரட்டிய தொகைக்குச் சமமாகக் கொடுத்தால் வசதியான ஊருக்குத்தான் அதிகம் போகும். வீட்டுக்கு 1,000 ரூபாய் போடும் ஊர் இருக்கிறது, 100 ரூபாய்கூட முடியாத குடியிருப்பும் இருக்கிறது. எனவே ரூபாயை எண்ணாதீர்கள், தலைக்கட்டை எண்ணுங்கள். 100 ரூபாய் கொடுத்த வீடும் ஒன்று, 1,000 கொடுத்த வீடும் ஒன்று. அப்புறம், ஊரில் இருக்கிற எல்லா வீடும், காலனி உட்பட, வரி நோட்டில் இருந்தால்தான் அரசின் பங்கு வரும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். இதனால் நாளைக்கே சாதி போய்விடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் பெயர் எழுத மறுக்கிறவர்களுக்கு அதற்கொரு விலை இருக்கட்டும்.

கணக்கை மே 1 கிராம சபையில் வாசிக்கலாம். சித்திரை மாதம், கூத்துப் பருவம் நடுவில் இருக்கும், எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதிகாரி வந்து தணிக்கை செய்வதைவிடத் திண்ணைக்காரர்கள் கேட்கும் கேள்வி கடுமையானது. நான் மூன்று வருஷம் பதில் சொன்னவன்.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் உங்கள் கையில் வருகிறது. அதில் ஊர் ஊராகக் கலையரங்கம் கட்டிக் கொடுக்கிறீர்கள், நெற்றியில் உங்கள் பெயரோடு. எங்கள் ஊரிலும் ஒன்று இருக்கிறது. நெல் காயப்போட வசதி. மத்தியானத்தில் சீட்டாட்டம். கூத்து மட்டும் அதில் நடப்பதில்லை, அதற்கு எதிரே மண்தரையில் நடக்கிறது. மூன்று பக்கமும் ஜனம் உட்கார வேண்டும், ஆடுகிறவன் இறங்கிக் கூட்டத்துக்குள் ஓட வேண்டும். சிமெண்ட் மேடையில் குதித்துக் குதித்து ஆடினால் முட்டி போய்விடும் என்கிறார் வாத்தியார். கட்டுவதற்கு முன்னால் யாரும் அவரைக் கேட்கவில்லை.

வரும் பங்குனியில் எங்கள் ஊரில் மறுபடி பாரதம். நோட்டு மறுபடி என் கைக்கு வருகிறது, இந்தமுறை காலனித் தெருவிலிருந்து எழுத ஆரம்பிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்; கூட்டத்தில் இன்னும் சண்டை ஓயவில்லை. உங்களில் யாருக்காவது வரத் தோன்றினால் வாருங்கள். மாலை, பொன்னாடை கிடையாது. தரையில்தான் உட்கார வேண்டும். கட்டியங்காரன் உங்களைப் பற்றி ஏதாவது சொல்லுவான். அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்படிக்கு,
செய்யாறு பக்கத்துக் கணக்குக்காரன்