கடற்கன்னி வாலின் அடிப்பக்கத்தை மூடித் தைக்கக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை இணைப்பில், இரண்டு காலையும் சேர்த்து மாட்டும் மீன்வால் உடைக்கு 'வீட்டிலேயே கடற்கன்னி வால்' என்ற செய்முறை வெளியாகியிருந்தது. படங்கள் அழகாக இருந்தன. ஆனால் லெகிங்ஸ் துணி, உள்ளே சன் போர்டு, அடிப்பக்கம் முழுக்கத் தையல் என்ற அந்த முறை பள்ளி ஆண்டுவிழா மேடைக்குத்தான் சரிவரும். அதை மாட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நீச்சல் குளத்தில் இறங்கினால் விபரீதம். நீச்சல் உடை தைப்பவர்கள், நீச்சல் கற்றுத் தருபவர்கள் என்ற முறையில் சில திருத்தங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் சன் போர்டு. அது நுரைப் பலகை. தண்ணீரில் நன்றாக மிதக்கும். காலில் மிதவை கட்டினால் கால் மேலே போகும், தலை கீழே போகும். கால்கள் இரண்டும் சேர்ந்து கட்டுண்டிருக்கும்போது உடம்பைத் திருப்பி முகத்தை வெளியே கொண்டுவருவது நன்றாக நீந்துகிற பெரியவர்களுக்கே சிரமம். போதாக்குறைக்கு, அந்தப் பலகை நாலு உதையில் முறிந்தும் போகும்.

வால் நுனிக்குள் விரிந்திருக்கும் பலகையான துடுப்புக்கு ஏற்றது கெட்டியான பாலிகார்பனேட் ஷீட். சிறுவர்களுக்கு 2 மி.மீ., பெரியவர்களுக்கு 3 மி.மீ. தடிமன் போதும். கூரைக்குப் போடும், உள்ளே வரிசையாகக் குழாய் ஓடும் ஷீட்டை வாங்கிவிடாதீர்கள். அந்தக் குழாய்களில் காற்று நிற்கும். அக்ரிலிக்கும் பார்வைக்கு இதே போலத்தான் இருக்கும், ஆனால் உடைந்தால் கண்ணாடித் துண்டு மாதிரி கிழிக்கும். கடையிலேயே விரல் அகலத் துண்டு ஒன்று கேட்டு வாங்கி வளைத்துப் பாருங்கள். பாலிகார்பனேட் மடங்கும், அக்ரிலிக் படக்கென்று உடையும். பெரியவர்களுக்கான துடுப்பு 3 மி.மீ. ஷீட்டில் ஏறத்தாழ 700 கிராம் வரும். நீரைவிடச் சற்றே அடர்த்தி கூடியது என்பதால் தண்ணீருக்குள் அது 120 கிராம் அளவுக்குத்தான் கீழே இழுக்கும். மிதக்கவும் கூடாது, கல்லாக இழுக்கவும் கூடாது என்பதுதான் கணக்கு.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் துடுப்பின் அகலம் 45 செ.மீ., கால்விரல் நுனியிலிருந்து நீளம் 35 செ.மீ. போதும். பெரிதாக வெட்டினால் ஆடுதசை பிடித்துக்கொள்ளும். வாலின் நடுவில் வரும் பிளவைக் கூர்மையாக வெட்டக் கூடாது. விரிசல் முதலில் விழுவது அங்கேதான். அந்த முனையை 2 செ.மீ. ஆரத்துக்கு வளைவாக்குங்கள். ஓரங்களை 120, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் டியூபை நீளவாக்கில் கீறி, ஓரம் முழுவதும் மாட்டிவிடலாம். பசை வேண்டாம், தின்னரால் துடைக்கவும் வேண்டாம். இரண்டுமே பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். மேலே வரும் துணியின் இறுக்கமே டியூபைப் பிடித்துக்கொள்ளும்.

கால் மாட்ட, பழைய ரப்பர் பிளிப்பரின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பின்) பாத உறையைப் பயன்படுத்தலாம். பலகைப் பகுதியில் 8 செ.மீ. மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். காலுக்கு 4 வீதம் 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட், இருபுறமும் அகலமான வாஷர், நைலான் பிடிப்புள்ள நட். துளை 7 மி.மீ. இருக்கட்டும், ஷீட்டின் ஓரத்திலிருந்து 2 செ.மீ.யாவது தள்ளியிருக்கட்டும். நட் கழலாமல் இருக்கப் பூசும் திரவத்தைப் பாலிகார்பனேட்டில் தொடவே கூடாது, அதுவும் ஷீட்டை வெடிக்க வைக்கும். பாத உறை கால் அளவைவிட ஒரு எண் பெரிதாக, குதிகால் பக்கம் திறந்ததாக இருக்க வேண்டும். குதிகாலுக்குத் தளர்வான எலாஸ்டிக் பட்டை போதும். ஷூலேஸ், பக்கிள் எதுவும் ஆகாது.

துணிக்கு வருவோம். திருப்பூரில் எடைக்குக் கிடைக்கும் லெகிங்ஸ் கட்பீஸ் பெரும்பாலும் பருத்தியில் கொஞ்சம் லைக்ரா கலந்தது. தண்ணீரைக் குடித்துக் கனத்து, முழங்காலுக்குக் கீழே தொங்கிவிடும். கேட்டு வாங்க வேண்டியது நீச்சல் உடைத் துணி: 80 சதவீதம் நைலான் அல்லது பாலியஸ்டர், 20 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் (லைக்ரா என்பதும் இதுதான்), நாலாபக்கமும் இழுபடுவது. கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். பருத்தி உடனே உறிஞ்சிவிடும். 150 செ.மீ. அகலத் துணியானால் 140 செ.மீ. உயரப் பிள்ளைக்கு ஒன்றரை மீட்டர், பெரியவர்களுக்கு இரண்டு மீட்டர். செதில் அச்சிட்ட துணியில் செதிலின் வளைந்த முனை பாதத்தைப் பார்த்து இருக்கும்படி விரித்துவிட்டுக் கத்திரியை எடுங்கள். தலைகீழாக வெட்டிய துணியை எந்தத் தையல்காரராலும் மீட்க முடியாது.

கால்களைச் சேர்த்து வைத்து இடுப்பு, சீட், நடுத்தொடை, முழங்கால், ஆடுதசை ஆகிய இடங்களில் சுற்றளவு எடுத்து, 10 சதவீதம் குறையுங்கள். சீட் 80 செ.மீ. என்றால் 72, முன் பின் துண்டுகளுக்குத் தலா 36, இருபுறமும் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. சேர்த்து 38. கணுக்காலில் மட்டும் குறைக்கக் கூடாது. இரண்டு குதிகாலையும் சேர்த்து அளந்த சுற்றளவை அப்படியே வைக்க வேண்டும். அங்கே இறுக்கிவிட்டால் பார்க்க மீன் போலவே இருக்கும், அவசரத்துக்குக் கால் வெளியே வராது.

வீட்டில் மிதிக்கும் பழைய மெஷின்களில் நேர்த்தையல்தான் விழும். இழுபடும் துணியில் நேர்த்தையல் போட்டால் முதல் உதையிலேயே நூல் அறும். ஓவர்லாக் கடையில் கொடுங்கள், அல்லது ஜிக்ஜாக் வசதியுள்ள மெஷினில் அகலம் 1, நீளம் 2.5 வைத்து இரண்டு ஓட்டம் ஓட்டுங்கள். பாலியஸ்டர் நூல், 75/11 பால்பாயிண்ட் ஊசி. சாதாரண ஊசி லைக்ரா இழையைக் குத்தி அறுத்துப் பொடிப்பொடி ஓட்டைகளாக்கும். இடுப்புக்கு 2.5 செ.மீ. எலாஸ்டிக் மட்டும்; நாடா, ஜிப், கொக்கி கிடையாது. ஜிகினா, சமிக்கி எல்லாம் குளத்து வடிகட்டியில்தான் போய்ச் சேரும்.

அடிப்பக்கத்தைத் தைக்காமல், 5 செ.மீ. வெல்க்ரோத் துண்டுகள் மூன்றை இடைவெளி விட்டு வையுங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் காற்று வெளியேற வேண்டும், தண்ணீர் வடிய வேண்டும். நனைந்த லைக்ரா பலூன் போலக் காற்றைப் பிடித்து வைக்கும். இறங்குமுன் கரையில் உட்கார்ந்து, வாலை நனைத்து, மேலிருந்து கீழாக நீவிக் காற்றை வெளியே தள்ளுவது கட்டாயம். தயாரான வாலை முதலில் தனியாகத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மெதுவாக இறங்கினால் சரி. மேலே மிதந்தால் எங்கோ காற்று இருக்கிறது.

அணிவதும் கரையில் உட்கார்ந்துதான். நின்றுகொண்டு குதித்துக் குதித்துப் போனால் பல் போகும். கழற்றும் பயிற்சியை முதலில் தரையில், பிறகு மார்பளவு நீரில் செய்ய வேண்டும்: இரண்டு கட்டைவிரலையும் இடுப்புப் பட்டிக்குள் விட்டு முழங்கால் வரை உருவி, குதிகாலைப் பின்னால் இழுக்க வேண்டும். ஐந்து எண்ணுவதற்குள் வெளியே வர முடியாத பிள்ளைக்கு அந்த வால் கூடாது. வால் இல்லாமல் டால்பின் உதையில் (இரு காலையும் சேர்த்து உதைப்பது) 25 மீட்டர் போகவும், மல்லாந்து ஒரு நிமிடம் மிதக்கவும் தெரியாதவர்களுக்கும் கூடாது. பெரியவர் ஒருவர் கரையில் அல்ல, தண்ணீருக்குள், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கிணறு, ஏரி, கடல் மூன்றுமே வேண்டாம். கனடாவின் எட்மன்டன் நகர நீச்சல் குளங்களில் 2015-லேயே இந்த வாலுக்குத் தடை வந்தது. நம் ஊர் நீச்சல் குளங்களிலும் கேட்டுவிட்டே எடுத்துச் செல்லுங்கள்.

கட்டுரையில் புளோரிடாவின் வீக்கி வாச்சி நீரூற்றைக் குறிப்பிட்டு, அங்கு கடற்கன்னி வேடமிட்டுக் காட்சி நடத்தும் பெண்கள் நெடுநேரம் நீருக்கடியில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 1947 முதல் நடக்கும் அந்தக் காட்சியில் அவர்கள் நீருக்கடியில் உள்ள காற்றுக் குழாயிலிருந்து மூச்செடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு, வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கிப் பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சு முட்டும் உணர்வு வருமுன்பே மயக்கம் வரலாம்.

குழந்தைகள் படிப்பது விடுமுறை இணைப்பைத்தான், இந்தக் கடிதப் பகுதியை அல்ல. ஆகவே அடிப்பக்கத் தையல், சன் போர்டு பற்றிய திருத்தத்தை அந்த இணைப்பிலேயே, படத்துடன், பிள்ளைகள் குளத்துக்குக் கிளம்புமுன் வெளியிட வேண்டுகிறோம்.

– நீச்சல் உடை தைப்போரும் நீச்சல் பயிற்றுநரும், திருப்பூர்