அரிசிக்குப் பதில் பணம்: நாங்கள் பட்ட பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு அரிசிக்கடை நடத்த வேண்டியதில்லை, மானியத்தை வங்கியில் போட்டுவிட்டால் மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று சென்ற வாரக் கட்டுரை சொல்கிறது. புதுச்சேரியில் அதைச் செய்தே பார்த்தாயிற்று.

2015 செப்டம்பரில் தானியத்துக்குப் பதில் பணம் என்ற மத்திய அரசின் திட்டம் முதலில் வந்தது சண்டிகருக்கும் எங்களுக்கும்தான். அப்புறம் புதுச்சேரி அரசின் இலவச அரிசிக்கும் அதே கதி. அரிசிதான் வேண்டும் என்றது அமைச்சரவை. பணம்தான் என்றார் அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி. டெல்லி அவர் பக்கம் நின்றது. எங்கள் தெரு ரேஷன் கடைப் பூட்டு துருவேறியது, விற்பனையாளர்கள் சம்பளமில்லாமல் திண்டாடினார்கள்.

என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பணம் ஏறியதா என்று பார்க்கவே பஸ் பிடித்து வங்கிக்குப் போவார். பாஸ்புக் மெஷின் ஓடவில்லை, நாளைக்கு வாங்க என்பார்கள். ஒருமுறை பணம் ஏறியிருந்தது. ஆனால் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அதில் பாதியைப் பிடித்திருந்தார்கள். அம்மா அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, "ஏன்டி, இது எந்த அரிசிக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்காவுக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோடு பார்த்து அட்டைகளைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசும் வாங்குவதில்லை. வெளியே அரிசி விலை ஏறினாலும் அக்கா பைக்குள் விழும் அரிசி குறையாது. எங்களுக்கோ கிலோவுக்கு இவ்வளவு என்று போட்ட பணம் அப்படியே நிற்க, மளிகைக்கடை விலை ஏறிக்கொண்டே போனது.

ரேஷன் கடையில் எடை குறையும், சில மாதம் புழு நெளியும். உண்மைதான், நானே சண்டை போட்டிருக்கிறேன். சண்டை போட அங்கே ஓர் ஆள் இருந்தார். வராத பணத்துக்கு யாரிடம் போய் நிற்பது?

2024 தீபாவளிக்கு முன்பு கடைகளைத் திரும்பத் திறந்தார்கள். 2020 முதல் மின்துறையைத் தனியாருக்குத் தருவது பற்றியும் இதே பேச்சுத்தான் பேசுகிறார்கள். அதிலும் கைவைப்பதற்கு முன், பூட்டிய கடைகளால் எத்தனை வீடுகள் என்ன பாடுபட்டன என்று அரசு முதலில் கணக்கெடுத்து வெளியிடட்டும். தங்கள் இதழும் அதை வலியுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாகூர், புதுச்சேரி